பேட்டரி புதுசு, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை: கார் எலக்ட்ரிக்கல் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி முடிகின்றன: பாகத்தை மாற்றியாகிவிட்டது, பணமும் போய்விட்டது, கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் எந்தப் பாகத்தை மாற்றலாம் என்பதைவிட, மீட்டரின் இரண்டு முனைகளை எங்கே வைக்க வேண்டும், என்ன எண் வர வேண்டும் என்பதையே பதில்களில் அதிகம் சொல்லியிருக்கிறோம். 10 ஆம்பியர் வரை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அதோடு, பிரேக் விளக்குக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பகுதிக்கு இவ்வளவு போதும்.

கேள்வி: மூன்று நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, போட்டு நான்கு மாதம்தான் ஆகிறது. கடையில் சார்ஜ் ஏற்றிச் சோதித்துவிட்டு, பேட்டரியில் குறையில்லை என்கிறார்கள். என்ன செய்வது? – வாசகர், ஈரோடு

சாவியை எடுத்துப் பூட்டிய பிறகும் எங்கோ மின்சாரம் கசிகிறது. எல்லா நவீன காரிலும் கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும். அலாரம், சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் உங்கள் பேட்டரி முழுக்கத் தீர 29 நாள் ஆக வேண்டும். மூன்று நாளில் பாதி போய்விட்டது என்றால், 72 மணி நேரத்தில் 17.5 ஆம்பியர்-ஹவர், அதாவது ஏறக்குறைய 250 மில்லி ஆம்பியர் விடாமல் போயிருக்கிறது. டிக்கியில் எரியும் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் இருந்தாலே 400 மில்லி ஆம்பியர் எடுக்கும். நீங்கள் தேட வேண்டியது அந்த அளவுக்குச் சின்ன விஷயம்தான்.

அளக்கும் முறை முக்கியம். பானெட்டைத் திறந்துவிட்டு, அதன் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடியது போலச் செய்யுங்கள். கதவுகளைச் சாத்திப் பூட்டுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். பக்கத்தில் இருந்தால் வண்டி தூங்காது. மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். சிவப்பு முனையை நெகட்டிவ் கேபிளின் கிளாம்பிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் கிளிப் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு கிளாம்பை மேலே தூக்குங்கள். இப்படிச் செய்தால் இணைப்பு ஒரு நொடிகூட அறுபடாது. அறுபட்டால் வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் பெட்டிகள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து விழிக்கும். சில நேரம் கசிவுக்குக் காரணமான பெட்டியே அந்த அதிர்ச்சியில் ஒழுங்காகிவிடும். அன்றைக்குக் கோளாறு அகப்படாது. மீட்டர் இணைந்திருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும், கவனம்.

ஆரம்பத்தில் சில ஆம்பியர் காட்டும். பயப்படாமல் 30 முதல் 45 நிமிடம் விடுங்கள். எண் படிப்படியாக இறங்கி 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே நின்றால் வண்டியில் குறையில்லை. 250க்குப் பக்கத்தில் நின்றால் எந்தப் பியூஸ் வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய வழி. பிடுங்கிச் செருகும்போது மறுபடி பெட்டிகள் விழிக்கும் என்பதால் இப்போது அது சரிப்படாது. மீட்டரை மில்லி வோல்ட்டுக்கு மாற்றி, பியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் முனைகளை வையுங்கள். 0.0 காட்டினால் அந்த வழியில் எதுவும் ஓடவில்லை. 10 ஆம்பியர் மினி பியூஸில் 1 மில்லி வோல்ட் காட்டினால் சுமார் 130 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். (மீட்டரை மாற்றும் முன் கிளாம்பைப் பழையபடி மாட்டிவிட வேண்டும்.)

வெளியில் மாட்டிய ஸ்டீரியோ இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயர் எப்போதும் மின்சாரம் வேண்டுவது, சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் வர வேண்டியது. அவசரத்தில் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் திரை அணைந்தாலும் உள்ளே அது விழித்தேயிருக்கும். டேஷ் கேமரா, ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனர் மாட்டும் துளை) செருகிய டிராக்கர், கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச் ஆகியவை அடுத்த சந்தேகங்கள். எந்தப் பியூஸிலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் கசிவு இருக்கிறது என்றால் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் விடிகாலை அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், உள்ளே, மின்சாரத்தை ஒரே திசையில் விட வேண்டிய டயோடு ஒன்று பழுதாகி எதிர்த்திசையில் மின்சாரத்தை விடுகிறது.

கேள்வி: பேட்டரி புதிது. 12.6 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் காலையில் செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, சில சமயம் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். – வாசகர், தஞ்சாவூர்

மாற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். 12.6 என்பது ஓய்வில் இருக்கும் பேட்டரியின் எண். 12.4 முக்கால் பங்கு, 12.2 பாதி என்று அதை வைத்துச் சார்ஜைக் கணக்கிடலாம், அவ்வளவுதான். செல்ஃப் சுற்றும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

சின்ன பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வழியில் எங்காவது ஒரு மூட்டில் 0.01 ஓம் தடை சேர்ந்திருந்தாலும் 1.5 வோல்ட் அங்கேயே நின்றுவிடும். இந்த 0.01 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவையில் பார்க்க முடியாது. ‘பீப்’ சத்தம் நன்றாகவே வரும். மின்சாரம் ஓடும்போதுதான் இந்தக் கோளாறு வெளியே தெரியும். அதனால் ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். என்ஜின் பிடித்துவிடாமல் இருக்க ஃபியூயல் பம்ப் பியூஸைக் கழற்றிவிடுங்கள்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே: செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. போனால் பேட்டரியையோ, அதிகம் இழுக்கும் மோட்டாரையோ சந்தேகப்படலாம். அடுத்து எர்த் பக்கம், அதாவது பாடி, என்ஜின் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்கு மின்சாரம் திரும்பும் வழி. கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவின் ஈயத்தூணிலேயே குத்துங்கள், கிளாம்பில் வைக்காதீர்கள். சிவப்பு முனையை என்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கடைசியாக பாசிட்டிவ் பக்கம்: சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவ் தூணில், கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில். அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

எர்த் பக்கம் 1 வோல்ட், 1.5 வோல்ட் என்று வந்தால் முனையை ஒவ்வொரு மூட்டாக நகர்த்துங்கள்: தூணிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து பாடி போல்ட்டுக்கு, பாடியிலிருந்து என்ஜினுக்குப் போகும் பின்னல் பட்டைக்கு. எந்த இடத்தில் எண் திடீரென்று ஏறுகிறதோ அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் குற்றம். அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் வெளியில் பளபளப்பாக இருந்த வளையத்தின் அடிப்பக்கம் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். இல்லையென்றால், டிங்கரிங் வேலைக்குப் போய்வந்த வண்டியில் போல்ட்டின் கீழே பெயிண்ட் படலம் இருக்கும். பேட்டரி கிளாம்பின் உள்வட்டத்திலும் ஒரு கறுப்புப் படலம் சேரும். நகத்தால் சுரண்டினால் ஈயத்தின் வெள்ளிநிறம் தெரியும்.

சுத்தம் செய்ய முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றுங்கள், கடைசியில் அதை மாட்டுங்கள். வெந்நீரில் சமையல் சோடா ஒரு கரண்டி கரைத்து ஊற்றினால் வெள்ளைப் பொடி நுரைத்துக் கரையும். துடைத்துக் காயவைத்து, 120 நம்பர் எமரித் தாளால் உலோகம் மின்னும்வரை தேயுங்கள். வாசலினை மூட்டை இறுக்கிய பிறகு மேலே பூச வேண்டும். நடுவில் பூசுவது தவறு. கிளாம்பு நட்டுக்கு 10 நம்பர் ஸ்பேனர். கையால் திருகினால் அசையாத அளவு போதும். பலம் போட்டு இறுக்கி ஈயத்தூணையே பெயர்த்துவிடுகிறவர்கள் உண்டு. இந்த மூன்று அளவுகளும் சரியாக இருந்து, மோட்டாரின் போல்ட்டில் 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் சுற்றவில்லை என்றால், அப்போது மோட்டாரைக் கழற்றலாம். அப்போதும் முழு மோட்டாரை வாங்குவதற்கு முன் கார்பனும் சோலினாய்டும் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேளுங்கள்.

கேள்வி: பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. – வாசகி, நாகர்கோவில்

அந்தப் பக்கத்து டெயில் லேம்ப்பின் எர்த் போய்விட்டது. பிரேக் பல்புக்கு வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல், பக்கத்து பல்பின் இழை வழியாக எர்த்தைத் தேடிப் போகிறது. கப்ளரை (ஒயர்களைச் செருகும் பிளாஸ்டிக் இணைப்பு) கழற்றிப் பாருங்கள். கறுப்பு அல்லது பழுப்பு ஒயர் போகும் பின் கருகியோ களிம்பு பிடித்தோ இருக்கும். பின்னைச் சுத்தம் செய்து, அந்த ஒயர் பாடியில் பிடிக்கும் போல்ட்டையும் தேய்த்து இறுக்குங்கள். கடலோர ஊர்களில் இது அடிக்கடி வரும். லேம்ப்பின் பின்பக்க ரப்பர் கிழிந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 15 ஆம்பியர் பியூஸ் ஒன்று வாரம் ஒரு முறை போகிறது. பெரும்பாலும் மேடு பள்ளத்தில் போகும்போது. 20 ஆம்பியர் போட்டால் நிற்குமா? – வாசகர், விருதுநகர்

வேண்டவே வேண்டாம். பியூஸ் காப்பாற்றுவது ஒயரைத்தான். 15 ஆம்பியருக்கு ஏற்ற கனத்தில் போட்ட ஒயரில் 20 போட்டால், பியூஸ் போவதற்கு முன் ஒயர் சூடாகும். நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30, சிவப்பு 10 என்று நிறம் வைத்திருப்பதே மாற்றிப் போடாமல் இருக்கத்தான். ஈயத்தாளைச் சுற்றிச் செருகி வண்டியையே எரித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் சொன்ன 21 வாட் பல்பு இங்கே கைகொடுக்கும். போன பியூஸைக் கழற்றி, அந்த இரண்டு துளைகளிலும் பல்பின் இரண்டு ஒயரையும் இணையுங்கள். அந்த சர்க்யூட்டில் இருக்கும் விளக்கு, ஹாரன் எல்லாவற்றின் கப்ளரையும் கழற்றிவிடுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. எவ்வளவு மோசமான ஷார்ட் ஆனாலும் பல்பு 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது. பியூஸ் பெட்டி பெட்டியாகச் செலவாகாது, ஒயரும் சூடாகாது. இப்போது ஒயர்க்கட்டை ஒவ்வொரு இடமாக அசையுங்கள். உங்கள் வண்டியில் குலுங்கும்போதுதான் கோளாறு வருகிறது என்பதால் பல்பு முதலில் அணைந்தே இருக்கலாம். எந்த இடத்தை அசைக்கும்போது பளிச்சென்று எரிகிறதோ அங்கே டேப்பைப் பிரித்துப் பாருங்கள்.

தேட வேண்டிய இடங்கள்: டிக்கிக் கதவின் கீல் அருகே உள்ள ரப்பர் குழாய், முன் சீட்டின் தண்டவாளத்துக்கு அடியில், முன்கதவுக்கும் தூணுக்கும் நடுவில். ஓட்டுநர் கதவு ஒயர் ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிர்கிறது. ஜன்னல், ஸ்பீக்கர், பூட்டு மூன்றும் ஒன்றாகத் தகராறு செய்தால் அந்த ரப்பர் குழாயைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். போவது சார்ஜிங் சாக்கெட்டின் பியூஸ் என்றால் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசு விழுந்து கிடக்கும் வண்டிகள் நிறைய.

கேள்வி: எலி ஒயரைக் கடித்துவிட்டது. வெளியே தெரிந்த இரண்டு ஒயரை ஒட்டவைத்தும் என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்கேனர் போட்டால் ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டீயரிங் எல்லாவற்றிலும் யு 0100 என்று வருகிறது. என்ஜின் கம்ப்யூட்டரோடு ஸ்கேனர் பேசவே இல்லை. இசிஎம் (அந்த என்ஜின் கம்ப்யூட்டர்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். – வாசகர், சென்னை

தயவுசெய்து இன்னும் பணம் கட்டாதீர்கள். யு என்று தொடங்கும் எண்கள், வண்டிக்குள் இருக்கும் பெட்டிகளுக்கு இடையே பேச்சு அறுந்ததைச் சொல்கின்றன. யு 0100 என்றால் ‘என்ஜின் கம்ப்யூட்டரிடமிருந்து சத்தம் இல்லை’ என்று மற்றவை புகார் சொல்கின்றன. சத்தம் இல்லாததற்கு மூன்று காரணம் உண்டு: அதற்குச் சாப்பாடு (மின்சாரம்) போகவில்லை, பேசும் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது அதுவே செத்துவிட்டது. எலி கடித்த வண்டியில் மூன்றாவதை முதலில் முடிவு செய்வது எந்த விதத்திலும் நியாயமில்லை.

சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். இசிஎம் பியூஸ்கள், மெயின் ரிலே (அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின் ஸ்விட்ச்), எர்த். சர்க்யூட் வரைபடத்தில் அதன் மின்சாரப் பின்னும் எர்த் பின்னும் எவை என்று பார்த்து, கப்ளரைக் கழற்றி, இக்னிஷன் போட்டு, அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு 5 வாட் பல்பை எரிய வையுங்கள். வெறும் மீட்டர் போதாது. எலி கடித்து ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், பல்பு மங்கிவிடும்.

அடுத்தது பேசும் கம்பி. கேன் என்று சொல்லப்படும் இந்த இணைப்பு, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய ஒயர். அதன் இரண்டு கடைசியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. பல வண்டிகளில் ஒன்று இசிஎம்முக்குள்ளேயே இருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு, ஓபிடி சாக்கெட்டின் 6-வது பின்னுக்கும் 14-வது பின்னுக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். இரண்டு 120 பக்கவாட்டில் சேர்ந்தால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு கடைசி துண்டாகியிருக்கிறது. உங்கள் வண்டியில் இதுதான் வரும் என்று எதிர்பார்க்கிறோம். 0க்குப் பக்கம் வந்தால் இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொடுகின்றன. பேட்டரியை மாட்டி இக்னிஷன் போட்டால் எர்த்துக்கும் 6-வது பின்னுக்கும் நடுவே 2.6 வோல்ட் அளவும், 14-வது பின்னில் 2.4 அளவும் வரும். ஒன்று 0 என்றோ 12 என்றோ நின்றால் அது பாடியிலோ பேட்டரி ஒயரிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் கேட்வே என்ற பெட்டி வைத்த வண்டிகளில் ஓபிடி சாக்கெட்டில் 60 வந்தாலும் உள்ளே வேறு பக்கம் அறுந்திருக்க வாய்ப்புண்டு; அப்போது இசிஎம் கப்ளரிலேயே அளக்க வேண்டும்.

எலி கடித்த இடம் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கீழே அல்லது என்ஜினுக்குப் பின்னால் தடுப்புச் சுவரை ஒட்டி இருக்கும். எச்சமும், பானெட் அடியிலிருக்கும் பஞ்சுத் துணுக்குகளும் கிடக்கும் இடத்தில் கையை விடுங்கள். கண்ணுக்குத் தெரிந்த இரண்டு ஒயரோடு எலி நிறுத்தியிருக்காது. கட்டின் கீழ்ப்பக்கம் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

ஒட்டும்போது ஒயரை வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஒரு மழைக்காலத்துக்குத் தாங்காது. அதே கனத்தில் ஒயர் வாங்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, உள்ளே பசை தடவிய சூடேற்றிச் சுருக்கும் குழாயைப் போடுங்கள். கேன் ஒயரில் இரண்டு மூட்டும் ஒரே இடத்தில் வராமல் மூன்று, நான்கு சென்டிமீட்டர் தள்ளி வர வேண்டும். பிறகு பழையபடி முறுக்கிவிட வேண்டும். அந்த முறுக்குதான் வெளி இரைச்சலை அடக்குகிறது. நிறங்களை மாற்றி இணைத்துவிட்டால் மொத்தப் பேச்சும் நின்றுவிடும். மேலே துணி டேப். மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பும் விற்கிறார்கள். ராத்திரியில் பானெட்டைத் திறந்து வைப்பதும் பலன் தரும்; எலிக்கு இருட்டும் கதகதப்பும் வேண்டும்.

கேள்வி: என்ஜின் சூடானதும் ஓடும்போதே நிற்கிறது. பி 0335 வந்தது. கிராங்க் சென்சார் இரண்டு முறை மாற்றிவிட்டோம். – வாசகர், கோயம்புத்தூர்

என்ஜினின் கிராங்க் தண்டு சுற்றுவதை உணர்வது கிராங்க் சென்சார். பி 0335 என்பது ‘கிராங்க் சென்சார் சர்க்யூட்’ என்றுதான் சொல்கிறது. சர்க்யூட்டில் சென்சாரும் உண்டு, மூன்று ஒயரும் உண்டு, கப்ளரும் உண்டு. ஸ்கேனர் விரல் நீட்டுவது அந்தத் தெருவை. எந்த வீடு என்று நாம்தான் கதவைத் தட்ட வேண்டும்.

நின்ற உடனே, ஆறுவதற்குள், ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து செல்ஃப் அடியுங்கள். 150 முதல் 250 ஆர்பிஎம் வரை காட்டினால் கிராங்க் சிக்னல் வருகிறது. கோளாறு வேறு இடம். 0 என்றால் கப்ளரைக் கழற்றி இக்னிஷன் போட்டு அளங்கள். ஹால் வகை (காந்தப்புலத்தை உணரும், மூன்று ஒயர்) சென்சார் என்றால் ஒரு பின்னில் 5 வோல்ட் (சில வண்டிகளில் 12), ஒன்றில் எர்த் இருக்க வேண்டும். 5 வோல்ட் வரவில்லை என்றால் ஒரு விஷயம் ஞாபகம் வேண்டும்: அந்த 5 வோல்ட்டைப் பல சென்சார்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஏசி பிரஷர் சென்சாரோ மேப் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும்) சென்சாரோ ஷார்ட் ஆனால் கூட இருப்பவை எல்லாம் படுத்துவிடும். மீட்டரை அந்தப் பின்னில் வைத்துக்கொண்டே மற்ற சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. இப்படியானால் பி 0641 என்ற எண்ணும் சேர்ந்து வருவதுண்டு.

சூடானால் மட்டும் வருகிற கோளாறுக்கு ஹேர் டிரையர் நல்ல கருவி. ஆறிய என்ஜினில் சென்சாரையும் கப்ளரையும் தனித்தனியாகச் சூடுபடுத்திப் பார்த்தால் எது விடுகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: மலைப்பாதையில் ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. 100/90 வாட் பல்பு போடலாமா? – வாசகர், ஊட்டி

எச்4 (ஒரே பல்பில் ஹை பீமும் லோ பீமும் இருக்கும் வகை) ஹெட்லைட் 60/55 வாட்டுக்கு, அதாவது ஹை பீம் 60, லோ பீம் 55 வாட்டுக்கு வடிவமைத்தது. இரண்டு பக்கமும் சேர்த்து ஹை பீமில் 10 ஆம்பியர். 100 வாட் போட்டால் ஏறக்குறைய 17. கப்ளர் கருகும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் மங்கும். விளக்கைக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்தும் வண்டிகளில், அதிக மின்சாரம் இழுப்பதைப் பார்த்து அது விளக்கையே அணைத்துவிடவும் செய்யும்.

இப்போது இருக்கும் பல்புக்கு முழு மின்சாரம் போகிறதா என்று முதலில் பாருங்கள். என்ஜின் ஓட, விளக்கு எரிய, பேட்டரியில் ஓர் அளவு. கப்ளரின் பின்பக்கம் மெல்லிய ஊசி நுழைத்து இன்னோர் அளவு. பேட்டரியில் 13.8 இருந்து பல்பில் 12.2 மட்டும் வந்தால், குறைவது 1.6 வோல்ட்தான், ஆனால் ஹாலஜன் பல்பில் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எர்த்தைச் சுத்தம் செய்து பாருங்கள். அது போதவில்லை என்றால், பழைய மாதிரி நேரடி ஸ்விட்ச் வண்டிகளுக்கு ரிலே செட் போடலாம்: பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரியை ஒட்டியே 20 ஆம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண்ணிட்ட பின்னுக்கு, 87-லிருந்து பல்புக்கு, பழைய ஹெட்லைட் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. பல்பு 60/55 ஆகவே இருக்கட்டும். கண்ணாடி மஞ்சளாகியிருந்தால் பாலிஷ் செய்வதும் இதே அளவு பலன் தரும்.

கேள்வி: மழைநீர் சீட் வரை ஏறிவிட்டது. தண்ணீர் வடிந்தபின் சாவி போட்டுப் பார்க்கலாமா? – வாசகர், கடலூர்

போடக் கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற சமயங்களில் நனைந்த கார்களைப் பொறுத்தவரை, தண்ணீர் செய்ததைவிட அதன்பின் போட்ட சாவி செய்த சேதம் அதிகம். ஈரமான கப்ளரில் மின்சாரம் போனால் பின்கள் சில மணி நேரத்திலேயே அரித்துக் களிம்பாகும். என்ஜினுக்குள் தண்ணீர் இருந்து செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். ‘என்ஜின் பாதுகாப்பு’ சேர்க்காத சாதாரண பாலிசியில் அந்தச் செலவு பொதுவாகக் கிடைக்காது.

முதல் வேலை நெகட்டிவ் கேபிளைக் கழற்றுவது. தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று கதவுத் துணியில் தெரியும் கோட்டைப் போட்டோ எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். கார்ப்பெட்டைத் தூக்க வேண்டும். அதன் பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும், அதற்குக் கீழேதான் ஒயர்க்கட்டுகள் ஓடுகின்றன. கியர் லிவருக்கு அடியில் இருக்கும் ஏர்பேக் பெட்டியையும், சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளர்களையும் தொடாதீர்கள். அவற்றில் மீட்டரோ பல்போ வைத்தால் ஏர்பேக் வெடிக்கக்கூடும். மற்ற கப்ளர்களைத் திறந்து, உப்புத் தண்ணீரோ சாக்கடையோ என்றால் முதலில் நல்ல தண்ணீரால் அலசி, காற்று அடித்துக் காயவைத்து, கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். என்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் பால் நிறமாக இருக்கிறதா என்று பார்த்தபின்தான் பேட்டரியை மாட்ட வேண்டும்.

கேள்வி: மின்சாரக் காரில் 60 சதவீதம் சார்ஜ் இருந்தது. காலையில் திரைகூட வரவில்லை. கதவும் திறக்கவில்லை. – வாசகர், மதுரை

பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும், அதை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற பெரிய ஸ்விட்ச் மூடுவதற்கு 12 வோல்ட் சின்ன பேட்டரி வேண்டும். கதவுப் பூட்டு, திரை, கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அது இறங்கினால் வண்டி முழுக்க ஊமையாகிவிடும். சாவிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறந்து, கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் வெளிப் பேட்டரியோ பவர் பேக்கோ இணையுங்கள். சிவப்பை பாசிட்டிவில், கறுப்பை கையேடு சொல்லும் எர்த் புள்ளியில்.

வண்டி ‘ரெடி’ ஆனதும் சின்ன பேட்டரியில் வோல்ட் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை வந்தால் பெரிய பேட்டரியிலிருந்து அதற்குச் சார்ஜ் போகிறது; சின்ன பேட்டரிக்கு வயதாகிவிட்டதா, முதல் கேள்வியில் சொன்னது போலக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 12.3-லேயே நின்றால், பெரிய பேட்டரியின் வோல்ட்டைக் குறைத்துச் சின்ன பேட்டரிக்குத் தரும் டிசி–டிசி கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. அது ஆரஞ்சு நிறக் கேபிளோடு சேர்ந்த பாகம், உள்ளே சில நூறு வோல்ட் இருக்கும். அதைத் திறப்பது உயர் அழுத்தப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. வண்டியை ஏற்றுவண்டியில் வைத்து அனுப்புங்கள்.